கரியை அங்கே கொண்டுபோகச் சொன்னவள்

பீட்டர்,

சௌக்கியமா என்று கேட்டு இந்தக் கடிதத்தைத் தொடங்கவில்லை. போன ஞாயிற்றுக்கிழமை போனில் நீயே எல்லாம் சொல்லிவிட்டாய். மருமகள் கஸ்தூரி நன்றாக இருக்கிறாள், பேத்தி ஜெனி எல்.கே.ஜி.யில் சேர்ந்துவிட்டாள், உனக்குப் பதவி உயர்வு வந்துவிட்டது. இவ்வளவு நாள் காற்றாலைகளின் மேல் ஏறிப் பழுது பார்த்துக்கொண்டிருந்தவன், இனிமேல் புதிய காற்றாலைகள் எங்கே நிற்க வேண்டும் என்று இடம் பார்த்துச் சொல்லப் போகிறாய். சந்தோஷமாகத்தான் கேட்டுக்கொண்டிருந்தேன். அப்போது முதல் இடத்தைப் பார்த்துவிட்டு வந்ததாகச் சொன்னாய். "நல்ல காத்துமா. மலைக்கும் ரோட்டுக்கும் நடுவுல வெறும் பொட்டல். அங்க யாரும் இல்ல, ஒரு பேஜாரும் இல்ல" என்றாய். லைன் போய்விட்டதென்று நினைத்து இரண்டு தரம் அம்மா, அம்மா என்று கூப்பிட்டாய். லைன் இருந்தது. எனக்குத்தான் பேச்சு வரவில்லை.

அதற்கப்புறம் நான்கு நாள் ஆகிவிட்டது. கவுண்ட்டரில் உட்கார்ந்திருக்கும்போதும், வீடு திரும்பி ஒருத்திக்காக உலை வைக்கும்போதும் அந்தப் பேச்சே காதில் ஓடுகிறது. உன்னைக் குறை சொல்ல எனக்கு யோக்கியதை இல்லை. நீ சொன்ன அதே வார்த்தையை உனக்கு முன்னால், ஊர் கூடியிருந்த இடத்தில், மைக் பிடித்துச் சொன்னவள் நான். அது உனக்குத் தெரியும். அதற்குப் பின்னால் நடந்ததில் பாதி உனக்குத் தெரியாது. அதனால்தான் எழுதுகிறேன். நம் கோயில் மலருக்கு யாராவது ஏதாவது எழுதித் தாருங்கள் என்று சாமியார் ஒவ்வொரு பூசையிலும் கேட்டுக்கொண்டிருக்கிறார். இதையே படி எடுத்து அவரிடம் கொடுக்கப்போகிறேன். அன்றைக்கு எனக்குக் கைதட்டியவர்கள் பலர் இன்னும் அதே கோயிலுக்குத்தான் வருகிறார்கள். அவர்களும் படிக்கட்டும்.

உன் அப்பாவின் முகம் உனக்கு நினைவிருக்காது. ரயில்வேயில் தண்டவாளம் மாற்றிவிடும் பாயின்ட்ஸ்மேனாக இருந்தவர், உனக்கு நாலு வயதாகும்போது காய்ச்சலில் மூன்றே நாளில் போய்விட்டார். அவருக்குப் பதிலாக எனக்கு ராயபுரம் ஸ்டேஷனில் டிக்கெட் கொடுக்கும் வேலை கிடைத்தது. பத்தாவது பாஸ் செய்திருந்தது அப்போதுதான் உதவியது. நாம் இருந்த வீடு, இப்போது நான் தனியாக இருக்கும் அதே வீடு, துறைமுகத்து மதிலுக்கு ரொம்பத் தூரம் இல்லை. மதிலுக்கு அந்தப் பக்கம் கப்பலில் வந்து இறங்கிய நிலக்கரி திறந்தவெளியில் குன்று குன்றாகக் கிடக்கும். கரண்ட் எடுக்கிற கரி. கடற்காற்று எழும்பினால் அந்தத் தூள் நம் தெருவுக்குள் வரும். காலையில் பெருக்கிய தரையில் மத்தியானம் கால் தடம் பதியும். தண்ணீர்க் குடத்துக்குத் துணியும் கட்டித் தட்டும் வைத்து மூடுவேன். துணியைத் துவைத்துக் கொடியில் போட்டுவிட்டுக் காவல் இருக்க வேண்டும். நமக்கெல்லாம் அது பழகிப்போனது. உன் மூச்சுக்குத்தான் பழகவில்லை.

நீ கோயிலில் முதன்முதலாக நற்கருணை அப்பம் வாங்கிய புதுநன்மை நாளை மறந்திருக்க மாட்டாய். வெள்ளைச் சட்டை, வெள்ளைக் கால்சட்டை, கையில் மெழுகுவர்த்தி. பிள்ளைகள் வரிசையாகப் பீடத்தை நோக்கி நடக்கிறார்கள். பாதி வழியில் நீ நின்றுவிட்டாய். உன் பின்னால் வந்த பையன் உன்மேல் இடித்துக்கொண்டு நின்றான். உன் தோள் இரண்டும் காது வரைக்கும் ஏறி ஏறி இறங்கின. நான் வரிசைக்குள் புகுந்து உன்னைத் தூக்கிக்கொண்டு வெளியே ஓடி, கிடைத்த ரிக்‌ஷாவில் ஏறி ஆஸ்பத்திரிக்குப் போனேன். முகத்தில் மூடி வைத்து மருந்துக் காற்று கொடுத்தார்கள். நீ கொஞ்சம் தெளிந்ததும் டாக்டரம்மா என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "வீட்டை மாத்துங்கம்மா" என்றார். "எங்க மாத்தறது டாக்டர்? வேலை இங்க கீது, கோயில் இங்க கீது. எனக்கு வேற யாரும் இல்ல" என்றேன். "பையனாவது இருக்கணும் இல்லையா?" என்றார்.

வீட்டை மாற்ற முடியாதவள் கரியை மாற்றப் புறப்பட்டேன். முதலில் நம் தெருப் பெண்கள் நாலு பேர். அப்புறம் பக்கத்துத் தெரு. மாதா சபைப் பெண்கள், கருவாடு காயப்போடுகிறவர்கள், பள்ளிக்கூடத்து ஆயாக்கள். பூசை முடிந்து வெளியே வருகிறவர்களிடம் கையெழுத்து வாங்குவோம். எனக்கு எழுதத் தெரியும், அதிகாரிகளிடம் பயப்படாமல் பேசத் தெரியும். அதனால் மனு எழுதுவதும் நான், கொண்டுபோய்க் கொடுப்பதும் நான். வேலை முடிந்து வந்து அந்த வேலை. நீ தனியாகச் சாப்பிட்டுத் தனியாகப் பாடம் படித்து வளர்ந்தாய். உனக்காகத்தானே செய்கிறேன் என்று எனக்கு நானே சொல்லிக்கொள்வேன். நீ ஒருநாள் பேப்பரில் ஏதோ கணக்குப் போட்டு எனக்குக் காட்ட வந்தாய், வேலை இருக்கிறது போ என்று விரட்டினேன். என்ன கணக்கு என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

நீ பாலிடெக்னிக்கில் இரண்டாவது வருஷம் படிக்கும்போது அந்தக் கூட்டம் நடந்தது. எண்ணூருக்கு அந்தப் பக்கம், அத்திப்பட்டுக்குக் கிட்டே, கரி இறக்குவதற்காகவே புதுத் துறைமுகம் கட்டிக்கொண்டிருந்த சமயம். கோயில் ஹாலில் எங்கள் குறையைக் கேட்க ஓர் அதிகாரி வந்தார். ஹால் நிறைந்து வாசல் வரைக்கும் ஜனம். ஒரு தாயாக நீங்க பேசுங்க பீட்டரம்மா என்று என்னை முன்னால் தள்ளினார்கள். நானும் பேசினேன். உன் புதுநன்மை நாளைச் சொன்னேன், பெண்கள் அழுதார்கள். கடைசியில் சொன்னேன்: "புது துறைமுகம் கட்டறீங்களே, இந்தக் கரி அத்தனையும் அங்க கொண்டு போங்க சார். அத்திப்பட்டு பக்கம் யாரு கீறாங்க? உப்பளமும் முள்ளுச்செடியும்தான். அங்க யாரும் இல்ல சார். இங்க நாங்க கீறோம்." ஹாலே அதிரக் கைதட்டினார்கள். என் வாழ்நாளில் எனக்காக யாரும் கைதட்டியது அதுதான் முதல் தரம்.

அப்போது பின்னால் இருந்து நீ எழுந்து நின்றாய். நீ வந்திருப்பதே எனக்குத் தெரியாது. "இங்கேர்ந்து தூக்கி அங்க போட்டாலும் கரி கரிதான் சார். எரிச்சா புகை ஒரே வானத்துலதான் போய்ச் சேருது. பூமி சூடாவுது, கடல் மேல வரும்னு உலகம் பூரா பேசிகினு இருக்காங்க. ஆரல்வாய்மொழி பக்கம் காத்துலயே கரண்ட் எடுக்கறாங்க. அதைப் பத்தி ஏன் யாரும் பேச மாட்டேங்கறீங்க?" என்று கேட்டாய். அதிகாரி சிரித்துக்கொண்டு, நல்ல கேள்வி, ஆனால் காற்று வருஷம் முழுக்க அடிக்காதே தம்பி என்றார். நம் தெருக்கோடி சைக்கிள் கடைக்காரர், "நைனா, காத்து நின்னுபோச்சுன்னா நீ வந்து ஊதுவியா?" என்று சத்தமாகக் கேட்டார். ஹால் முழுக்கச் சிரிப்பு. நானும் சிரித்தேன் பீட்டர். நீ என்னைப் பார்த்துக்கொண்டிருந்தாய், நான் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தேன். உன் கேள்வி தப்பென்று நினைத்துச் சிரிக்கவில்லை. எனக்குக் கைதட்டிய ஜனம் சிரிக்கும்போது நான் மட்டும் தனியாக நிற்கப் பயந்து சிரித்தேன்.

வீட்டுக்கு வந்தபோது நீ சட்டைகூட மாற்றாமல் உட்கார்ந்திருந்தாய். சிரித்ததைப் பற்றி நீ கேட்கவே இல்லை. "அம்மா, நீ தெனம் அத்திப்பட்டுக்கு எத்தினி டிக்கெட் குடுக்கற?" என்று கேட்டாய். எனக்கு முதலில் புரியவில்லை. "அது ஆவும் நிறைய. எதுக்குக் கேக்கற?" என்றேன். "யாரும் இல்லாத ஊருக்கு யாரும்மா டிக்கெட் வாங்கறாங்க?" என்றாய். அப்புறம் எழுந்து போய் முகம் கழுவிக்கொண்டு படிக்க உட்கார்ந்துவிட்டாய். நான் கோபப்பட்டு ஏதேதோ கத்தினேன். உன் மூச்சுக்காகத்தான் செய்தேன், நீ எனக்கே பாடம் சொல்கிறாயா என்றெல்லாம். நீ கேட்ட கேள்வி மட்டும் அப்படியே இருந்தது.

மறுநாள் கவுண்ட்டரில் உட்கார்ந்தேன். மத்தியானம் இறால் விற்றுவிட்டுக் காலிக் கூடையோடு பெண்கள் வருவார்கள். பத்து வருஷத்துக்கு மேலாக வருகிறவர்கள். "ஒரு அத்திப்பட்டு", "ரெண்டு அத்திப்பட்டு" என்று கம்பிக்குள் கையை நீட்டுவார்கள். சேற்றில் ஊறி வெளுத்த விரல்கள். அந்தக் கைகளை எனக்குத் தெரியும், முகங்கள் தெரியாது. அன்றைக்கு ஒரு முகத்தையாவது பார்த்திருக்கலாம். பார்க்கவில்லை. அதற்கப்புறம் வருஷக்கணக்கில் குனிந்தபடியே டிக்கெட்டை நகர்த்தினேன்.

புதுத் துறைமுகம் திறந்தார்கள். கரண்ட் எடுக்கிற கரி அங்கே போயிற்று. நம் பக்கம் முழுக்க ஒழியவில்லை, ஆனாலும் குன்றுகள் குறைந்தன. உன் இழுப்பும் குறைந்தது. வயதாக ஆகத் தானாகவே சரியாகியிருக்கும் என்று நீ சொல்வாய். இருக்கலாம். நான் மாதாவுக்கு மெழுகுவர்த்தி ஏற்றினேன். கரி போன இடத்தைப் பற்றி நினைக்காமல் இருக்கப் பழகிக்கொண்டேன். அது ஒன்றும் கஷ்டமாக இல்லை, அதையும் சொல்லிவிடுகிறேன்.

சுனாமி வந்தபோது நீ உன் நண்பர்களோடு உதவி செய்யப் போனாய். கடற்கரைக் குப்பங்களில் தொடங்கியவன், அத்திப்பட்டுப் பக்கத்து ஆற்றங்கரைக் குப்பத்துக்குப் போய், மாலை நேரத்தில் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக் கொடுத்துக்கொண்டு அங்கேயே நின்றுவிட்டாய். அடுத்த வருஷம் கஸ்தூரியைக் கட்டிக்கொள்ளப் போகிறேன் என்று வந்து நின்றாய். ஆற்றில் இறால் பிடிக்கும் ஏழுமலையின் மகள். அவள் வேறு சாமி கும்பிடுகிறவள் என்று நான் சண்டை போட்டேன். உண்மையில் சாமி ஒரு சாக்கு. அந்த ஊரிலிருந்து ஒருத்தி என் வீட்டுக்குள் வந்து என் முகத்தைப் பார்க்கப்போகிறாள் என்பதுதான் எனக்குத் தாங்கவில்லை.

பதிவு ஆபீசில் கல்யாணம் முடிந்து குப்பத்தில் சாப்பாடு போட்டார்கள். அப்போதுதான் நான் முதன்முதலாக அந்த ஊருக்குள் காலெடுத்து வைத்தேன். வீடு வீடாக நூற்றைம்பது குடும்பம் இருக்கும். அங்கே ஏற்கெனவே இருந்த அனல் மின் நிலையத்துச் சாம்பலின் நிறத்தில் ஆறு. ஓலையிலும் கூரை ஓட்டிலும் நம் வீட்டில் நான் பெருக்கித் தள்ளிய அதே தூள். கஸ்தூரியின் அம்மா தன் கையால் என் இலையில் இறால் தொக்கு வைத்தார். அந்த ஆற்றைப் பார்த்துவிட்டு வந்து எனக்கு அதை வாயில் வைக்க முடியவில்லை. சோற்றுக்கு அடியில் தள்ளி இலையை மூடிவிட்டேன். அந்த அம்மா பார்த்தார். அடுத்த இலைக்குப் போனார். நீ என் பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தாய், நீயும் பார்த்தாயா என்று எனக்குத் தெரியாது. கேட்கத் தைரியம் வந்ததில்லை.

நீ அங்கேயே குடியிருந்தாய். ஜெனி பிறந்தாள். ஒன்றரை வயதில் அவளுக்கு முதல் தரம் இழுப்பு வந்தபோது போன் பண்ணினாய். நான் ஆஸ்பத்திரிக்கு ஓடி வந்தேன். அதே மூடி, அதே மருந்துக் காற்று. குழந்தையின் தோள் இரண்டும் காது வரைக்கும் ஏறி இறங்குவதைப் பார்த்துக்கொண்டு நின்றேன். நீ என்னை ஒரு வார்த்தை சொல்லவில்லை. சொல்லியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். டாக்டர் உன்னைத் தனியாகக் கூப்பிட்டபோது அவர் என்ன சொல்வார் என்று எனக்கு முன்னாலேயே தெரியும். உன்னால் வீட்டை மாற்ற முடிந்தது. தெற்கே காற்றாலைக் கம்பெனியில் வேலை தேடிக்கொண்டாய். எழும்பூரில் சாயங்கால ரயிலில் உங்களை ஏற்றிவிட்டபோது, "நீயும் வந்துடுமா" என்று கஸ்தூரிதான் கூப்பிட்டாள். ரிடையர் ஆகட்டும் பார்க்கலாம் என்றேன். ரயில் போன பிறகு பிளாட்பாரத்தில் ரொம்ப நேரம் உட்கார்ந்திருந்தேன். வீட்டுக்குப் போனால் பேசுவதற்கு ஒரு ஆள் இல்லை என்பது அப்போதுதான் சரியாக உறைத்தது. அந்த வாரத்திலிருந்து ரேடியோவைப் போட்டுவிட்டுத்தான் சாப்பிட உட்காருகிறேன். யாராவது பேசிக்கொண்டிருக்க வேண்டும், என்ன பேசினாலும் சரி.

இனிமேல் எழுதப்போவதுதான் உனக்குத் தெரியாதது. நீங்கள் போய் ஏழெட்டு மாதம் இருக்கும். ஒருநாள் ஏழுமலை சம்மந்தி வாசலில் வந்து நின்றார். காகிதத்தில் சுற்றிக் கொஞ்சம் இறால் கொண்டுவந்திருந்தார். உள்ளே வந்து நாற்காலி நுனியில் உட்கார்ந்தார். குப்பத்துக்குப் பக்கத்திலேயே புதிதாக இன்னொரு அனல் மின் நிலையம் வரப்போகிறதாம். ஜனங்கள் அபிப்பிராயம் கேட்கக் கூட்டம் போட்டிருக்கிறார்களாம்.

"வெள்ளிக்கெழம கூட்டம் கீது சம்மந்தி. எங்காளுங்க மைக்க பாத்தா வாய் தொறக்க மாட்டாங்க. நீங்க வந்து நாலு வார்த்த பேசணும்."

"நான் வெளியூர்க்காரி. நான் என்னா பேசறது?"

"உங்க பேத்தி பொறந்த ஊரு. நீங்க எப்டி வெளியூரு ஆவீங்க?" என்றார்.

லீவு போட்டுவிட்டுப் போனேன். பந்தல் போட்டு, மேடை போட்டு, வரிசையாக பெஞ்சுகள். கரண்ட் கட் ஊரெல்லாம் இருந்த சமயம், அதனால் ஜெனரேட்டர் சத்தம் ஒரு பக்கம். முதலில் ஓர் இளைஞன் எழுந்து பேசினான். மின் நிலையத்தில் ஒப்பந்தக் கூலியாக இருப்பவன். "புகையைப் பத்தி எல்லாரும் பேசறீங்க. எனக்கு சோறு போடறது அந்தக் கரிதான். நேத்து நாலு மணி நேரம் கரண்ட் இல்ல, என் கொழந்த வேர்வைல அழுதுகினு கெடந்துச்சு. கரண்டும் வேணும், வேலையும் வேணும், கரி மட்டும் வேணாம்னா எப்டி?" என்று கேட்டான். அவனை யாரும் பார்த்துச் சிரிக்கவில்லை. அவன் சொன்னதிலும் பொய் இல்லை. படித்தவர் ஒருவர் வந்து பூமி சூடாவதைப் பற்றிப் பேசினார், உன் பேச்சு மாதிரியே இருந்தது. அப்புறம் என் பெயரைக் கூப்பிட்டார்கள்.

ஒரு காகிதத்தில் எழுதிக்கொண்டு போயிருந்தேன். அதை எடுக்கவில்லை. "நான் ராயபுரத்துலேர்ந்து வரேன். எங்க ஊர்ல கரி கொட்டி வச்சிருந்தாங்க. எம்புள்ளைக்கு மூச்சு முட்டிச்சு. அதை இங்க கொண்டுபோங்கன்னு மனு எழுதினது நான். அத்திப்பட்டு பக்கம் யாரும் இல்லன்னு மைக்ல சொன்னதும் நான்தான். இன்னிக்கு எம்பேத்தி இங்க மூச்சு முட்டி ஊரை விட்டே போய்ட்டா. இதுக்கு மேல இங்க வேணாம்னு கேக்கறதுக்குத்தான் வந்தேன். கேக்கறதுக்கு எனக்கு ரைட்டு இல்ல. இருந்தாலும் கேக்கறேன்" என்றேன். யாரும் கைதட்டவில்லை. ஜெனரேட்டர் மட்டும் ஓடிக்கொண்டிருந்தது. சம்மந்தி தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

மேடையிலிருந்து இறங்கும்போது முன்வரிசையில் ஒரு பெண் எழுந்து நின்றாள். என் வயதுதான் இருக்கும். "நீ ராயபுரம் டேசன்ல டிக்கெட் குடுக்கற அம்மா தானே?" என்று கேட்டாள். ஆமாம் என்றேன். அவள் விரல்களைப் பார்த்தேன், தெரிந்த விரல்கள். முகத்தை அன்றைக்குத்தான் பார்த்தேன்.

"அங்கேர்ந்து இங்க அனுப்பிட்ட. இப்ப இங்கயும் வேணாம்ன்ற. நாங்க எங்க அனுப்பறது, நீயே சொல்லு."

எனக்கு உன் ஞாபகம் வந்தது. "எம்புள்ள காத்துல கரண்ட் எடுக்கற வேலைல கீறான். அதுல புகை இல்ல, சாம்பல் இல்ல" என்றேன். பெருமையாகத்தான் சொன்னேன்.

"அங்க மட்டும் யாரும் இல்லியா?" என்று அவள் கேட்டாள்.

குத்திக் காட்டுவதற்காகக் கேட்கவில்லை, பீட்டர். மெய்யாகவே தெரிந்துகொள்ள வேண்டும் என்று கேட்டாள். எனக்குத் தெரியவில்லை. தெரியாது என்றேன். அவள் உட்கார்ந்தாள். அப்புறம் பெஞ்சில் நகர்ந்து பக்கத்தில் இடம் விட்டாள். "எத்தினி நேரம் நிப்ப? குந்து" என்றாள். கூட்டம் முடியும்வரை அவள் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். அவள் பெயர் செல்வி. இரண்டு பையன்கள், ஒருவன் அந்த மின் நிலையத்திலேயே வேலை செய்கிறான்.

ஸ்டேஷன் வரைக்கும் சம்மந்தி கூட வந்தார். நான்தான் கடைசியில், "நான் செஞ்சது உங்களுக்கு முன்னாடியே சொல்லியிருக்கணும்" என்றேன். "தெரியும் சம்மந்தி. பொண்ணு கேக்க வந்த அன்னிக்கே உங்க புள்ள சொல்ட்டான். எங்கம்மா இப்டி பேசினாங்க, தெரிஞ்சிகினு குடுக்கறதுன்னா குடுங்கன்னான்" என்றார். ஏன் என்னிடம் கேட்கவே இல்லை என்று கேட்டேன். "கேட்டிருந்தா நீங்க எங்க வூட்டு வாசப்படி ஏறியிருக்க மாட்டீங்க. எங்களுக்கு சம்மந்தம் வோணும்னு இருந்துச்சு" என்றார். ரயில் வந்தது, ஏறிக்கொண்டேன். அத்தனை வருஷமாக நான் தனியாகச் சுமந்துகொண்டிருந்ததாக நினைத்ததை அவர்கள் வீட்டில் எல்லோரும் தெரிந்துவைத்துக்கொண்டு எனக்கு மரியாதை செய்திருக்கிறார்கள். உனக்கு இதில் நன்றி சொல்ல வேண்டுமா, உன்மேல் கோபப்பட வேண்டுமா என்று இன்னும் எனக்குத் தெரியவில்லை. இரண்டும் இருக்கிறது.

அந்தக் கூட்டத்தால் ஒன்றும் நிற்கவில்லை. இப்போது குப்பத்துக்கு அந்தப் பக்கம் இரும்புத் தகரம் அடித்து மறைத்துவிட்டார்கள், உள்ளே மண் அடிக்கிறார்கள். மாதத்துக்கு ஒரு ஞாயிறு பூசை முடிந்ததும் அங்கே போய்விட்டு வருகிறேன். உன் மாமியாரோடு உட்கார்ந்து சாப்பிடுகிறேன். வீடு திரும்பிக் கதவைத் திறந்தால் வழக்கம்போல யாரும் இல்லை. அதற்கு யாரையும் குறை சொல்லவில்லை. நீ மூச்சு விட வேண்டும் என்று ஆசைப்பட்டேன், நீ எங்கோ போய் மூச்சு விடுகிறாய்.

காற்றாலை வேண்டாம் என்று சொல்வதற்காக இதை எழுதவில்லை. நீ அன்றைக்கு ஹாலில் கேட்டது சரியான கேள்வி. கரியை எரித்துக்கொண்டே இருக்க முடியாது என்பது எனக்கு இப்போது புரிகிறது, நீ கட்டுகிற அந்தக் கம்பங்கள் நிறைய வர வேண்டும். ஆனால் செல்வி கேட்டதற்கு நீதான் எனக்குப் பதில் வாங்கித் தர வேண்டும். நான் கேட்க வேண்டிய வயதில் கேட்காமல் விட்டேன். உனக்கு வரைபடத்தில் இடம் காட்டி, வெறும் பொட்டல் என்று சொல்கிறவர்கள் நல்லவர்களாகத்தான் இருப்பார்கள். நானும் அன்றைக்கு நல்லவள்தான்.

மறுபடி அந்த இடத்துக்குப் போ. கம்பெனி ஜீப்பில் போகாதே, பஸ்ஸில் போய் இறங்கி நட. மத்தியான வெயிலில் பார்த்தால் எந்த ஊரும் காலியாகத்தான் தெரியும். விடிந்ததும் போ, இல்லாவிட்டால் ஆடுமாடு திரும்புகிற நேரத்தில் போ. ஆடு மேய்க்க வருகிறவர்கள் இருப்பார்கள், விறகு பொறுக்குகிறவர்கள் இருப்பார்கள், மழை பெய்தால் மட்டும் விதைக்கிறவர்கள் இருப்பார்கள், பட்டாவில் பெயர் இல்லாதவர்கள். நீ என்ன வேலையாக வந்திருக்கிறாய் என்பதை மறைக்காமல் சொல். திட்டினால் கேட்டுக்கொள். வந்து உட்கார் என்று யாராவது இடம் விட்டால், நேரமாகிவிட்டது என்று சொல்லாமல், உட்கார்.

உன் அம்மா